மலையில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பதில்லை

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வாடகைக்கு வீடு பிடித்து, மடிக்கணினியைத் திறந்துவைத்துப் பெங்களூரு நிறுவனத்துக்கு வேலை பார்ப்பதை மாற்றுப் பாதை என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் வருகிறது, குளிர்காற்றும் கிடைக்கிறது. ஆனால் அதை மாற்றுப் பாதை என்று ஏற்க மனம் ஒப்பவில்லை. வேலை அதே வேலை, மேலாளர் அதே மேலாளர், காலைக் கூட்டமும் அதே. ‘அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் அலுவலகம் வந்துவிடுங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மலைக்கும் அந்த வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மலை இருப்பதால்தான் பிழைக்கிற தொழில்நுட்ப வேலை என்று ஏதாவது உண்டா, அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

பெரிய அளவில் இதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1899இல் வந்தது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு தெற்காக இறங்கும் சுமார் 11 டிகிரிச் சரிவில் அதைப் படுக்கவைத்திருக்கிறார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் கிட்டத்தட்ட அதே 11 டிகிரிதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். அந்தச் சரிவும் கருவியில் ஒரு பாகம். சமவெளியில் இதே கருவியைக் கட்ட, முதலில் ஒரு குன்றைக் கட்ட வேண்டியிருக்கும்.

அத்தனை பெரிதாகப் போக வேண்டியதில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகள், ஊட்டியைச் சுற்றி மொட்டுக்காளான் கூடங்கள், கொடைக்கானல் மேல்மலையில் பசுமைக்குடில்கள், தாண்டிக்குடிப் பக்கம் காபி உலர்களங்கள் என்று வெப்பம், ஈரம், எடை, காற்று ஆகியவற்றை அளந்துகொண்டே இருக்க வேண்டிய இடங்கள் மலை முழுக்க இருக்கின்றன. அளக்கும் கருவியை வைப்பது, பார்த்துக்கொள்வது, அது சொல்லும் எண்ணுக்குப் பொறுப்பேற்பது என்பதே ஒரு முழுநேரத் தொழில். மென்பொருள் தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி கையேடுகளில் அரைவரிக் குறிப்பாக மட்டும் இருக்கும்.

உயரம் செய்யும் வேலை

தேயிலையை உலர்த்தும் டிரையரில் வைக்கிற பிடி100 வெப்ப உணரியை எடுத்துக்கொள்வோம். பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம், நூறு டிகிரியில் 138.5 ஓம் காட்ட வேண்டும். சரிபார்க்க எளிய வழி ஐஸ் தண்ணீர், கொதிநீர் என்று எல்லாப் பாடமும் சொல்லும். ஐஸ் சோதனை எங்கேயும் சரி. நொறுக்கிய ஐஸ் நிறைய, தண்ணீர் கொஞ்சம், அடிக்கடி கலக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். கொதிநீர்தான் காலை வாரிவிடும். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே உள்ள ஊட்டியில் தண்ணீர் சுமார் 92.5 டிகிரியிலேயே கொதிக்கிறது. குன்னூரில் சுமார் 94. இது தெரியாமல் கீழேயிருந்து வருகிற ஆள், உணரி ஏழு டிகிரி குறைவாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டி, நிரலில் ஏழைக் கூட்டிவிட்டுப் போய்விடுவார். அதன்பிறகு டிரையரின் எண் 110 என்று காட்டும்போது உள்ளே 103தான் இருக்கும். தூள் ஈரமாக இறங்கும், மூட்டையில் போன பிறகு வாசம் கெடும், பழி தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் தலையில் விழும்.

காளான் கூடத்தில் இன்னொரு விதம். மொட்டுக்காளான் மொட்டு விடும் கட்டத்தில் வெப்பம் 16 முதல் 18 டிகிரிக்குள்ளும் கார்பன் டை ஆக்சைடு 1,000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) கீழேயும் இருக்க வேண்டும். அதை அளக்கும் அகச்சிவப்பு உணரிகள், ஒளி போகும் வழியில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்பவை. ஊட்டியின் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு என்பதால் அவை அதே அளவுக்குக் குறைத்துக் காட்டும். கூடத்தில் உண்மையில் 1,250 இருக்கும்போது திரையில் 970 என்று வரும். விசிறி ஓடாது, காளானின் காம்பு நீண்டு குடை சிறுத்துப்போகும். எஸ்சிடி30 போன்ற உணரிகளில் உயரத்தையோ அழுத்தத்தையோ எழுதிவைக்க ஒரு கட்டளை உண்டு. நிரலில் ஒரே ஒரு வரி. மலிவான உணரிகள் பலவற்றில் அந்த வசதி இல்லை; அழுத்தத்தைத் தனியாக அளந்து நாமே திருத்திக்கொள்ள வேண்டும்.

கருவிகளுக்கு மின்சாரம் தரும் மின்வழங்கிகளின் விவரத்தாளிலும் ‘2,000 மீட்டர் வரை’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. காற்று மெலிய மெலிய அது வெப்பத்தைக் கடத்திச் செல்லும் திறன் குறைகிறது. ஊட்டியில் 5 ஆம்பியர் வேண்டுமென்றால் 7 ஆம்பியர் பெட்டியாக வாங்கி வைப்பது நல்லது.

ஈரப்பத உணரிதான் மலையில் அதிகம் தொல்லை தருவது. எஸ்எச்டி31 என்ற ஈரப்பத உணரி புதிதாக இருக்கும்போது இரண்டு விழுக்காட்டுக்குள் சரியாகச் சொல்லும். வாரக்கணக்கில் மேகத்துக்குள் உட்கார்ந்து 95 விழுக்காடு ஈரத்திலேயே இருந்தால் மெல்ல மேலே நகர்ந்து, 90 இருக்கும்போதும் 93 என்று சொல்லத் தொடங்கும். இதைப் பிடிக்க ஆய்வகம் தேவையில்லை. மூடி இறுக்கமாக இருக்கும் ஒரு டப்பாவில் இரண்டு கரண்டி உப்பு, ஈரக்குழம்பாக ஆகும் அளவு மட்டும் தண்ணீர். உணரி உப்பில் படாமல் மேலே தொங்க வேண்டும். ஓர் இரவு முழுக்க வெப்பம் மாறாத இடத்தில் வைக்க வேண்டும். காலையில் 75 காட்டினால் உணரி நல்ல நிலையில் இருக்கிறது. 79 காட்டினால் உள்ளேயே இருக்கும் சூடேற்றியை ஓடவிட்டு, உலர்ந்த இடத்தில் வைத்து மறுபடி பார்க்கலாம். அப்போதும் அப்படியே இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைக்க வேண்டியதுதான். அதைத் திருத்திப் பயன்படுத்துவதில் மிச்சமாகும் காசு அற்பம்.

கருவியை வைக்கும் பெட்டி விஷயமும் அதேதான். தூசும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி65 தரக்குறி போட்டிருக்கிறதே என்று நம்பி இறுக்கி மூடினால் பகலில் உள்ளே விரியும் காற்று இரவில் சுருங்கி, கம்பி நுழையும் துளை வழியே ஈரக்காற்றை உறிஞ்சும்; அது குளிர்ந்து மின்சுற்றுப் பலகையின் மேல் நீராகப் படியும். கம்பித் துளைகள் எப்போதும் பெட்டியின் அடிப்பக்கம். கம்பி நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் வளைவு. தண்ணீர் புகாமல் காற்றை மட்டும் விடும் சவ்வு வைத்த மூச்சுத்துளை ஒன்று. பலகைக்குக் காப்புப் பூச்சு. இணைப்பிகளிலும் ஈரப்பத உணரியின் கண்ணிலும் அந்தப் பூச்சு படாமல் ஒட்டுநாடா போட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் ரகசியம், ஆனால் செய்பவர்கள் குறைவு.

விறகுக் கணக்கு

இத்தனையும் தெரிந்த ஒருவர் தொழிற்சாலைக்குப் போய், ‘ஐஓடி (இணையத்தோடு இணைத்த உணரிகள்) போட்டுத் தருகிறேன் சார், உங்கள் போனிலேயே எல்லாம் பார்க்கலாம்’ என்று சொன்னால் டீ கிடைக்கும், வேலை கிடைக்காது. முதலாளிக்குப் போனில் பார்க்க ஏற்கெனவே நிறைய இருக்கிறது. பேச்சு திரும்பும் இடம் வேறு. அது இலையை வாடப்போடும் ட்ரஃபில், அதாவது கீழிருந்து காற்று அடிக்கும் நீளத் தொட்டியில், இருக்கிறது.

பச்சைத் தேயிலையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு நாள் வந்த இலையில் 78 விழுக்காடு ஈரம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ இலையில் 22 கிலோதான் உலர்பொருள். ட்ரஃபில் வாடி 70 விழுக்காட்டுக்கு இறங்கினால் எடை 73.3 கிலோ. சரியாக வாடாமல் 72இல் நின்றுவிட்டால் 78.6 கிலோ. வித்தியாசம் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அத்தனையும் தண்ணீர், அத்தனையும் டிரையரில் ஆவியாக வேண்டும். ஒரு நாளைக்கு 10,000 கிலோ பச்சைத் தேயிலை எடுக்கும் தொழிற்சாலையில் இது 520 கிலோ தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 2.5 மெகாஜூல் என்றால் மொத்தம் 1,300 மெகாஜூல். உலர்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் உண்டு. அடுப்பு, வெப்பமாற்றி, டிரையர் எல்லாம் சேர்ந்து அதில் 40 விழுக்காட்டைப் பயன்படுத்துவதாகக் கொண்டால் கிலோவுக்கு 6 மெகாஜூல்தான் உருப்படியாகக் கிடைக்கும். ஆக, இரண்டே இரண்டு விழுக்காடு ஈரத்துக்கு ஒரு நாளைக்கு 200 கிலோவுக்கு மேல் விறகு. கிலோ 6 ரூபாய் என்று போட்டுப் பார்த்தால் நாளுக்கு 1,300 ரூபாய். வருடத்தில் இருநூறு நாள் ஓடினால் இரண்டரை லட்சத்துக்கு மேல். தொழிற்சாலையின் சொந்த விறகு விலையையும் சொந்த இலைக் கணக்கையும் போட்டு, அவர்கள் கண்ணெதிரே ஒரு தாளில் இதைச் செய்துகாட்ட வேண்டும். ட்ரஃபில் விசிறி ஓடும் மின்செலவைக் கழிக்கவும் மறக்கக்கூடாது. கழிக்காவிட்டால் கணக்குப்பிள்ளை கழிப்பார், நம் மதிப்பும் சேர்ந்து கழியும்.

இந்தத் தாள் மேசைக்கு வந்த பிறகு பேச்சில் ஐஓடி என்ற சொல்லே வராது. ‘ட்ரஃபுக்கு ஒரு எண் வேண்டும், எப்போது இலையை எடுக்கலாம் என்று அது சொல்ல வேண்டும்’ என்பார்கள். வேலையும் வருமானமும் அந்த எண்ணில்தான் இருக்கின்றன.

எண்ணை எடுப்பது எளிதுபோலத் தோன்றும். வலைப்பையில் சரியாக ஒரு கிலோ இலையைப் போட்டு ட்ரஃபின் நடுவில் மற்ற இலையோடு சேர்த்து வைப்பது பழைய முறை. பையின் எடை 733 கிராமுக்கு வந்தால் 70 விழுக்காடு. இதையே எடையை மின்குறியாக மாற்றும் சுமைக்கல உணரியில் தொங்கவிட்டு, அந்தக் குறியை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 சில்லு வழியாகப் படித்தால் ஆள் போய் எடுத்து நிறுக்க வேண்டியதில்லை. கெடுவது இங்கேதான். முதலாவது, ட்ரஃபின் காற்று கீழிருந்து மேலே அடிக்கிறது. அது பையைத் தூக்கும். எடை குறைந்து தெரியும், இலை வாடிவிட்டதாக எண் பொய் சொல்லும். விசிறியை அரை நிமிடம் நிறுத்தி, ஆட்டம் அடங்கிய பிறகு படிக்க வேண்டும். அதற்கு விசிறிக்கு மின்சாரத்தைத் தந்து நிறுத்தும் கான்டாக்டரோடு ஒரு ரிலே சேர்க்க அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும், மூன்று ஃபேஸ் பலகையில் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் இல்லாமல் கை வைக்கவே கூடாது. இரண்டாவது, இரவில் பத்து டிகிரி இறங்கும்போது சுமைக்கல உணரியும் சில கிராம் நகரும்; ஷிப்டுக்கு ஒருமுறை 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை உண்டாக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிய சிக்கல், மழை இலை. நனைந்து வரும் இலையின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீரும் அந்த ஒரு கிலோவுக்குள் சேர்ந்துவிடும். பை 733 கிராம் காட்டும்போது இலை வாடியே இருக்காது, மேல்தண்ணீர் மட்டும்தான் போயிருக்கும். மேல்தண்ணீர் இருக்கும்வரை எடை ஒரே வேகத்தில் மளமளவென்று குறையும். அது தீர்ந்ததும் வேகம் தளரும். அந்தத் திருப்பத்தில் பை காட்டும் எடையைத் தொடக்க எடையாக எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்க வேண்டும். நிரலில் நான்கைந்து வரிதான். ஆனால் மழைக்காலம் ஒன்றை அந்தக் கூடத்தில் கழிக்காமல் அந்த வரிகளை எழுத முடியாது. தொடக்க ஈரம் 78 என்பதும் ஊகம்தான். பத்து கிராம் இலையை 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை காயவைத்துப் பார்த்து, பருவத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைத் திருத்த வேண்டும்.

எந்த ஈரத்தில் எடுப்பது என்று மட்டும் நாம் சொல்லப் போகக்கூடாது. அது டீ மேக்கரின் தீர்மானம். அதிகம் வாடினாலும், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி இயந்திரத்தில் இலை சரியாக வெட்டுப்படாது. அவருக்கு வேண்டியது எட்டு ட்ரஃபும் ஒரே மாதிரி வாடுவது. அதனால் செயலியைவிட, நாலங்குல உயர எண்கள் எரியும் பலகை ஒன்றை ஒவ்வொரு ட்ரஃபின் தலைமாட்டிலும் மாட்டுவது மேல். இரவு ஷிப்டில் இலை திருப்புகிறவர் கையில் போன் இருக்காது.

வெயிலும் அலையும்

தோட்டத்தில் வைக்கும் உணரிகளுக்கு மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்துதான். எந்த மாதத்துக்குக் கணக்குப் போடுவது என்பது மலையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் அபூர்வம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் சோதனைக் காலம். பத்து நாள் வெயிலே இல்லாமல் தாங்கும்படி பேட்டரி வைக்க வேண்டும். இங்கே பலர் தவறவிடுவது பலகையின் தூக்கத்தை. உணரியை இயக்கும் ஈஎஸ்பி32 சில்லு, வேலை இல்லாதபோது போகும் ஆழ்ந்த தூக்கத்தில் பத்து மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் கடையில் கிடைக்கும் பலகையில் உள்ள, மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் ஒன்றே ஐந்து மில்லிஆம்பியர் குடிக்கும், சிவப்பு எல்இடி தனி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நொடி வேலை செய்தால் நாளுக்கு 20 மில்லிஆம்பியர்-மணிதான் செலவு. சும்மா தூங்குவதற்கு 120 போகும். ரெகுலேட்டரை மாற்றி, எல்இடியைப் பிடுங்கிவிட்டால் பேட்டரி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பதால், உறைபனி விழும் பள்ளங்களில் விடிந்து ஒரு மணி நேரம் கழித்தே சார்ஜ் தொடங்கும்படி வைக்க வேண்டும்.

செய்தியை அனுப்ப, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் லோரா ரேடியோ போதும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது 865–868 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பிய அமைப்பில் வரும் 868.1ஐ அப்படியே விட்டுவைக்கக் கூடாது. பனிமூட்டம் இந்த அலையை ஒன்றும் செய்யாது. நனைந்த சில்வர் ஓக் மர வரிசைதான் விழுங்கும். வெயில் நாளில் சோதித்துப் பார்த்து ‘வருகிறது’ என்று திரும்பிவிட்டால் முதல் மழையில் பாதி உணரிகள் மௌனமாகிவிடும். கம்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: காட்டெருமைக்கு முதுகு சொறியத் தனிக்கம்பம் என்றால் கொள்ளை ஆசை. பாறையோடு ஒட்டி வையுங்கள்.

பணம் வரும் வழி

கருவியை விற்று லாபம் பார்க்க நினைத்தால் ஒரே வருடத்தில் சோர்ந்துவிடும். பாகங்களின் விலை எல்லோருக்கும் இணையத்தில் தெரிகிறது. விற்க வேண்டியது வருடாந்திரப் பராமரிப்பை. மூன்று மாதத்துக்கு ஒரு சரிபார்ப்பு, அதன் அளவுகள் எழுதிய தாள், பழுதென்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும் என்ற வாக்கு, எந்தெந்தப் பாகம் இலவசம் என்ற பட்டியல் எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். எழுத்தில் இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். பதிந்த குறு, சிறு நிறுவனத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுத்தாக வேண்டும். நேரே சண்டைக்குப் போக வேண்டாம், பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே பாதி வேலை நடக்கும். சேவை மட்டும் செய்பவருக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை.

தூரத்தைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான் இந்தத் தொழிலில் முதலில் விழுகிறார்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர்தான், ஆனால் போய்வந்தால் ஒரு நாள் காலி. வாடிக்கையாளர்களைக் குன்னூர்–கோத்தகிரி என்றோ, கூடலூர்–பந்தலூர் என்றோ ஒரே பக்கமாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. உதிரிப்பாகம் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். மண்சரிவில் மலைப்பாதை அடைபட்டால் அதுவும் வராது. ஒவ்வொரு உணரியிலும் இரண்டு, மின்வழங்கியில் இரண்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. பச்சைத் தேயிலை நிறுக்கும் மின்னணுத் தராசைக் கணினியோடு இணைத்துத் தாருங்கள் என்று எல்லாத் தொழிற்சாலையும் கேட்கும். தராசின் ஆர்எஸ்-232 என்ற தரவுத் துளையிலிருந்து எண்ணைப் படிப்பதில் தப்பில்லை. முத்திரையை உடைத்து உள்ளே கை வைத்தால் எடையளவுச் சட்டப்படி குற்றம். அதற்கு உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் தனியாக இருக்கிறார். சிறு விவசாயியின் கூலியே அந்த எண்ணில்தான் இருக்கிறது என்பதால், படித்த எண்ணை நிரல் முழுமையாக்கவோ கழிக்கவோ கூடாது. சாக்கின் எடைக்குக் கழிப்பது இருந்தால் அது தனி வரியாகச் சீட்டில் தெரிய வேண்டும். ‘அதை மட்டும் உள்ளேயே பார்த்துக்கொள்ளுங்களேன்’ என்று யாராவது சிரித்தபடி சொன்னால் அந்த வாடிக்கையாளரை விட்டுவிடலாம்.

தேயிலை விலை விழுந்தால் தொழிற்சாலைகள் முதலில் வெட்டுவது பராமரிப்புச் செலவைத்தான். அதனால் வரவில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்து வரவிடக்கூடாது. காளான், பசுமைக்குடில், தண்ணீர்த் தொட்டி, மருந்துக் குளிர்பெட்டி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தொடங்கும் முதல் இரண்டு வருடம் அந்தப் பெங்களூரு சம்பளத்தையும் விடாமல் வைத்துக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை. மலைக்கும் அதற்கும் உறவில்லை என்று மேலே சொன்னாலும், வாடகை கொடுக்க அது உதவும். ஜனவரி, பிப்ரவரியில் பனியால் இலை வரத்துக் குறையும், தொழிற்சாலைகளில் இயந்திரங்களைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். உப்பு டப்பாவையும் ஐஸ் வாளியையும் எடுத்துக்கொண்டு உணரிகளைச் சரிபார்க்கப் போக ஏற்ற மாதங்கள் அவைதான். அந்த வருட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சையும் அதே நடையில் முடித்துவிடலாம்.